அலைகளை வசப்படுத்திய அறிஞர்

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் செல்லும் சாலையில் மலைகள் உடன்வருகின்றன. சமவெளியில் தெளிவாகக் கேட்கும் கைப்பேசிப் பேச்சு, மலை வளைவொன்றைக் கடக்கும்போது விட்டுவிட்டுக் கேட்கும். சில வேளைகளில் அறுந்தும் போகும். கோபுரத்திலிருந்து கைப்பேசிக்குப் பேச்சைச் சுமந்து வருபவை கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள். அவ்வலைகளைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு அலைவாங்கி எனப்படும். ஆன்டெனா என்பதும் அதுவே. கைப்பேசி தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே மிகச் சிறிய அலைகளை உண்டாக்கி, அவற்றை ஏற்கும் கருவிகளையும் உருவாக்கிக் காட்டிய இந்தியப் பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

இளமையும் கல்வியும்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசுப் பணியில் உயர்பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகையோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பினர். பகவான் சந்திரரோ, குழந்தை முதலில் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும் எனக் கருதி, மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவரின் மகனும் பணியாளரின் மகனும் போஸின் தோழர்களாயினர். ஆற்றையும் மீன்களையும் பறவைகளையும் பற்றி அவர்கள் கூறிய கதைகளே, இயற்கையை ஆராயும் விருப்பத்தை அவருள் விதைத்தன.

பின்னர்க் கல்கத்தாவின் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கு இயற்பியல் கற்பித்த லாஃபோன் பாதிரியார், செய்முறைகளின் வழியே பாடம் நடத்துவதில் வல்லவர். மருத்துவம் பயில 1880-இல் இலண்டன் சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அப்படிப்பைக் கைவிட்டார். கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார்.

ஊதியம் பெறாத ஆசிரியர்

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் பணி கிடைத்தது. ஆனால், ஒரே பணியைச் செய்யும் ஐரோப்பியருக்கு வழங்கியதில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் பணி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே தர முன்வந்தனர். அவர் சண்டையிடவில்லை, பணியைத் துறக்கவும் இல்லை. ஊதியத்தைத் தொடாமல் நாள்தோறும் வகுப்பெடுத்தார். தந்தையின் கடன்சுமை குடும்பத்தை அழுத்திய காலம் அது. 1887-இல் அவரை மணந்த அபலா, சென்னையில் மருத்துவம் பயின்றவர். அவரும் அந்த வறுமையை மனமுவந்து ஏற்றார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் கல்லூரி அவர் பணியை நிலைப்படுத்தி, விடுபட்ட காலத்துக்கும் சேர்த்து முழு ஊதியம் வழங்கியது.

சிறிய அறை, சிறிய அலை

ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் உண்டென்பதை மெய்ப்பித்த செய்தி போஸை ஈர்த்தது. 1894-இல் அவர் தம் ஆய்வைத் தொடங்கினார். கல்லூரியில் ஆய்வகம் இல்லை. குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி அறையே கிடைத்தது. கருவி செய்ய வல்லுநரும் இல்லை. தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரைப் பழக்கிக் கருவிகளைச் செய்வித்தார்.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றை ஆராயப் பெரிய கருவிகளும் பெரிய இடமும் வேண்டும். போஸ் உண்டாக்கிய அலைகளின் நீளமோ 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தது. அலை சிறுத்ததால் கருவியும் சிறுத்தது. ஆய்வு முழுவதும் ஒரு மேசைக்குள் அடங்கியது.

வரும் அலைகளைத் திரட்ட, வாய் அகன்று அடி குறுகிய புனல் போன்ற உலோகக் குழலை அமைத்தார். மழைநீரைப் புனல் ஒன்றுகூட்டிக் குடத்தில் இறக்குவதுபோல், அக்குழல் அலைகளைத் திரட்டி உள்ளிருக்கும் உணர்கருவியிடம் சேர்த்தது. கொம்பு அலைவாங்கி என்னும் பெயரில் இவ்வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது.

அலைகள் எத்திசையில் அதிர்கின்றன என்பதையும் அவர் ஆராய்ந்தார். இரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, தாள்களுக்கிடையே உலோகத் தகடுகளைச் செருகினார். புத்தகத்தை ஒரு நிலையில் பிடித்தால் அலை தடைபட்டது. திருப்பிப் பிடித்தால் கடந்து சென்றது. அனுப்பும் கருவியும் ஏற்கும் கருவியும் ஒரே போக்கில் அமைய வேண்டும் என்பது இதனால் விளங்கும். கைப்பேசியைத் திருப்பிப் பிடிக்கும்போது சில இடங்களில் அலைவரவு கூடுவதற்கும் குறைவதற்கும் இதுவும் ஒரு காரணமாகும்.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன் தம் ஆய்வை நிகழ்த்திக் காட்டினார். கம்பி எதுவுமின்றிச் சுவர்களைக் கடந்து சென்ற அலைகள், தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தன; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. 1897-இல் இலண்டன் அறிஞர் அவையிலும் தம் கருவிகளை விளக்கினார். கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றுப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் விண்ணப்பித்த ஒரு காப்புரிமை 1904-இல் கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

அலைநீளமும் அலைவாங்கியும்

அலை நீண்டால் அலைவாங்கி பெரிதாகும். அலை சுருங்கினால் அதுவும் சுருங்கும். இதற்குச் சான்று சித்தூர்ச் சாலையிலேயே உண்டு. திருப்பதிக்கு அருகில் கடங்கி என்னும் ஊரில் தேசிய வளிமண்டல ஆய்வகம் உள்ளது. வானத்தின் காற்றோட்டத்தை ஆராயும் அங்குள்ள ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அவ்வலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். ஆகவே அதன் அலைவாங்கிக் கம்பிகள் மூன்று மீட்டரை ஒட்டிய நீளமுடையவை. 1024 அலைவாங்கிகள் ஒரு மைதானம் முழுதும் வரிசை வரிசையாக நிற்கின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையின் நீளமோ ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு நீளமுள்ள அலைவாங்கி கைப்பேசிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவ்விடத்தை உள்ளங்கை மூடினால் அலைவரவு நலிகிறது.

சிறிய அலைக்குக் குறையும் உண்டு. நீண்ட அலை மலைமுகட்டைத் தாண்டி ஓரளவு வளைந்து செல்லும். குறுகிய அலைக்கு மலை பெருந்தடையாகும். சுவரும் இலையும் மழையும்கூட அதை நலியச் செய்யும். ஆதலால்தான் மலைப்பாதைகளில் கோபுரங்களை நெருக்கமாக அமைக்க வேண்டியுள்ளது. ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்காக இந்தியாவில் 2022-இல் ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் நீளம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். போஸ் அச்சிறிய அறையில் ஆராய்ந்தவையும் இத்தகைய அலைகளே.

பிற்காலம்

பின்னாளில் போஸ் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். செடியின் மிக நுண்ணிய வளர்ச்சியையும் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியைப் படைத்தார். தமக்குக் கிடைக்காத ஆய்வகம் பிறருக்குக் கிடைக்க வேண்டும் என விரும்பி, 1917-இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அறிவியல் கட்டுரைகளைத் தாய்மொழியிலும் எழுதினார். 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிடியில் காலமானார். உலக மின் பொறியாளர் அமைப்பு, 2012-இல் அவருடைய சிற்றலை ஆய்வைப் பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக ஏற்றுச் சிறப்பித்தது. அவர் தொடங்கிய நிறுவனத்தில் இன்றும் ஆய்வுகள் தொடர்கின்றன.

பயிற்சி

1. பகவான் சந்திரர் தம் மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தது ஏன்? அதனால் விளைந்த நன்மை யாது?
2. போஸ் மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாதிருந்ததற்குக் காரணம் என்ன? அவர் வகுப்பெடுப்பதை நிறுத்தாதது பற்றி உம் கருத்து யாது?
3. கடங்கியின் அலைவாங்கி பெரிதாகவும் கைப்பேசியின் அலைவாங்கி சிறிதாகவும் இருப்பது ஏன்?
4. பிரித்து எழுதுக: அவ்வலை, பேரறிஞர், சிற்றலை.
5. செய்து அறிக: வீட்டின் சமையலறை, சன்னலோரம், மொட்டைமாடி ஆகிய இடங்களில் கைப்பேசியின் அலைவரவைக் கவனித்து, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.