பேரை வித்துட்டுப் போன மனுஷன்... செவர்லே காருக்குப் பின்னாடி இருந்த நிஜ செவர்லே!

டவேரா ஞாபகம் இருக்கா? குலதெய்வம் கோயிலுக்கோ, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கோ மொத்தக் குடும்பமும் ஏறிப்போற வாடகை வண்டி. பின் சீட்டுல நெருக்கியடிச்சு உட்கார்ந்து நீங்களும் போயிருப்பீங்க. அந்த வண்டியோட முகத்துல தங்க நிறத்துல போ-டை மாதிரி ஒரு சின்னம் இருக்கும். அதான் செவர்லே. ஸ்பார்க், பீட்னு சின்ன கார்களும் அதே சின்னத்தோட நம்ம ரோட்ல ஓடுச்சு. 2017 முடிவோட இந்தியாவுல விற்பனையை நிறுத்திட்டாங்க.

செவர்லேங்கிறது யாரோ ரூம் போட்டு யோசிச்சு வெச்ச பிராண்டு பேர் இல்லை. அது ஒரு சுவிஸ் குடும்பப் பெயர். அந்தப் பேரோட மூணு அண்ணன் தம்பிங்க இருந்தாங்க. லூயி, ஆர்தர், கேஸ்டன். மூணு பேருமே கார் ரேஸர்கள். இதுல மூத்தவரான லூயியோட பேரைத்தான் இன்னிக்கும் உலகம் முழுக்க கார்கள் சுமந்துக்கிட்டுப் போகுது. ஆனா, அந்தப் பேரை ஒரு காருக்கு வைக்கிற உரிமை அவர்கிட்ட இருந்தது ரெண்டே வருஷம்தான்.

வாட்ச் ஊர்ல பிறந்த பையன்

சுவிட்சர்லாந்தில் லா ஷோ தெ ஃபோன்னு ஒரு ஊர். ஊரே கைக்கடிகாரத் தொழிலை நம்பி வளர்ந்தது. அங்கே 1878 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பிறந்தார் லூயி செவர்லே. அப்பா வாட்ச் செய்பவர். லூயி சின்னப் பையனா இருக்கும்போதே குடும்பம் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பர்கண்டி பகுதியில, ஒயினுக்குப் பேர்போன ஒரு ஊர். கடைசித் தம்பி கேஸ்டன் பிறந்தது அங்கேதான்.

அங்கே சைக்கிள் ரிப்பேர் கடையில வேலைக்குச் சேர்ந்தார் லூயி. பகல்ல சைக்கிளைப் பழுது பார்ப்பார், போட்டின்னா அதே சைக்கிள்ல ஏறி ரேஸ் ஓட்டுவார். அப்புறம் பாரிஸ் போய் கார் தொழிற்சாலையில என்ஜினைக் கத்துக்கிட்டார். 1900-ல் கனடாவின் மான்ட்ரியல். அங்கிருந்து நியூயார்க். கையில இருந்த சொத்துன்னு பார்த்தா, மெக்கானிக் வேலை மட்டும்தான்.

1905-ல் ஃபியட் கார்ல ரேஸுக்கு இறங்கினார். அந்தக் காலத்து அமெரிக்காவுல ரேஸ்னாலே பார்னி ஓல்ட்ஃபீல்டுதான். அவரையே லூயி தோற்கடிச்சார். சீட் பெல்ட் கிடையாது, தலையைக் காக்கிற ஹெல்மெட் கிடையாது. மண் பாதையில உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டணும். அப்படிப்பட்ட காலத்துல பயமில்லாத டிரைவர்னு பேர் வாங்கினார்.

தேடி வந்த பெரிய மனுஷன்

இங்கேதான் கதைக்குள்ள வில்லியம் டூரன்ட் வர்றார். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸை ஆரம்பிச்சவர். கடன் மேல கடன் வாங்கி கம்பெனிகளை வளைச்சுப் போட்டதால, 1910-ல் பேங்க்காரங்க அவரை அவர் கம்பெனியில இருந்தே ஓரங்கட்டிட்டாங்க. இழந்ததைத் திரும்பப் பிடிக்க அவருக்குப் புதுசா ஒரு கம்பெனி வேணும். அதுக்கு ஜனங்க வாயில ஏற்கெனவே புழங்குற ஒரு பேரும் வேணும்.

டூரன்ட்டோட ப்யூக் ரேஸ் டீம்ல லூயியும் ஆர்தரும் ஏற்கெனவே ஓட்டியிருந்தாங்க. பேப்பர்ல அடிக்கடி வந்த பேர். பிரெஞ்சு வாடை அடிக்கிற ஸ்டைலான பேர். 1911 நவம்பர் 3-ம் தேதி டெட்ராய்ட்டில் செவர்லே மோட்டார் கார் கம்பெனி பிறந்தது. இன்னிக்கு இன்ஃப்ளூயன்ஸர் பேர்ல ஒரு பிராண்டு ஆரம்பிக்கிறாங்கல்ல, கிட்டத்தட்ட அதே டெக்னிக். பணமும் கணக்கும் டூரன்ட், பேரும் டிசைனும் லூயி.

நல்ல காரா, விலை கம்மியான காரா?

லூயி உருவாக்கிய முதல் கார் கிளாசிக் சிக்ஸ். ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் என்ஜின், மணிக்கு சுமார் 105 கி.மீ. வேகம். அன்னிக்கு அது பிரமாண்டம். விலை 2,150 டாலர். அதே நேரம் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி ஏறக்குறைய அதுல மூணுல ஒரு பங்கு விலைக்குக் கிடைச்சது.

டூரன்ட் கணக்கு போட்டார். பணக்காரங்களுக்கு நூறு கார் விக்கிறதை விட, சாதாரண ஜனங்களுக்கு லட்சம் கார் விக்கலாம். வியாபாரமா பார்த்தா அவர் சொன்னதுல தப்பே இல்லை. லூயிக்கு அது பிடிக்கலை. தன் பேரு ஒட்டின வண்டி மட்டமா இருக்கக் கூடாதுங்கிறது அவர் பிடிவாதம். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் பிரச்னையே.

இதுக்கு நடுவுல ஒரு சிகரெட் கதையும் சொல்வாங்க. உதட்டோரமா எப்பவும் சிகரெட் ஒட்டிக்கிட்டே இருக்கும் லூயிக்கு. கம்பெனி முகமா இருக்கிறவர் கெத்தா சுருட்டு பிடிக்கணும்னு டூரன்ட் நச்சரிச்சாராம். என் பேரை எடுத்துக்கிட்டீங்க, என் பழக்கத்தையும் மாத்தணுமான்னு லூயிக்கு எரிச்சல். சிகரெட் ஒரு சாக்குதான். உள்ளே இருந்த சண்டை, கார் யாருக்காகங்கிறது.

1913-ல் லூயி வெளியேறினார். தன் பங்குகளையும் வித்துட்டார். பேர் மட்டும் கம்பெனியோடவே நின்னுபோச்சு. நீங்க இன்னிக்குப் பார்க்கிற அந்த போ-டை சின்னம் 1914 மாடல் கார்கள்லதான் வந்தது. அதாவது, அந்தச் சின்னம் வரும்போது ஆள் கிளம்பியாச்சு.

அடுத்து நடந்ததைக் கேளுங்க. 1915-ல் 490 டாலர் விலையில், 490-ங்கிற பேர்லயே ஒரு செவர்லே வந்தது. விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்தப் பங்குகளை வெச்சே டூரன்ட் ஜெனரல் மோட்டார்ஸைத் திரும்பப் பிடிச்சு, 1916-ல் அதன் தலைவரா உட்கார்ந்தார். லூயி தன் பங்குகளை விக்காம வெச்சிருந்தா, பெரும் கோடீஸ்வரர் ஆகியிருப்பார்.

சொந்தப் பேர் இல்லாத காரில் ஜெயிப்பு

லூயி சும்மா உட்காரலை. தம்பிங்களோட சேர்ந்து ரேஸ் கார் கட்ட ஆரம்பிச்சார். செவர்லேன்னு பேர் வைக்க முடியாதே! அதனால ஃப்ரான்டெனாக்னு வெச்சார்.

1920, இண்டியானாபொலிஸ் 500 ரேஸ். ஐரோப்பியக் கார்கள் வருஷக்கணக்கா ஜெயிச்சுக்கிட்டிருந்த களம். லூயி கட்டிக் கொடுத்த காரை ஓட்டி, கடைசித் தம்பி கேஸ்டன் முதலிடம் பிடிச்சார். 1912-க்கு அப்புறம் அங்கே ஓர் அமெரிக்கக் கார் ஜெயிச்சது அதுதான் முதல்முறை. மூணு அண்ணன் தம்பிக்கும் வாழ்க்கையிலேயே பெரிய நாள் அது.

அந்தச் சந்தோஷம் ஆறு மாசம்கூட நிலைக்கலை. அதே வருஷம் நவம்பர் 25-ம் தேதி, கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் ரேஸில் விபத்து. கேஸ்டன் செத்துப்போனார். வயசு 28. அதோட லூயி ரேஸ் ஓட்டுறதை விட்டுட்டார். மறு வருஷம் டாமி மில்டன்ங்கிறவர் ஃப்ரான்டெனாக்கில் அதே ரேஸை ஜெயிச்சார். ரெண்டு வருஷமும் ஜெயிச்ச கார் லூயியோடது. ஆனா, தம்பி இல்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. செவர்லே சகோதரர்கள் ஃபோர்டு மாடல் டி-க்குப் பொருத்துற ஸ்பெஷல் சிலிண்டர் ஹெட் தயாரிச்சு வித்தாங்க. கடையில செவர்லே கார், ஃபோர்டோட மல்லுக்கட்டுது. ரேஸ் டிராக்ல நிஜ செவர்லேக்கள் ஃபோர்டுக்கு வேகம் ஏத்திக் கொடுக்கிறாங்க!

1929-ல் விமான என்ஜின் கம்பெனி ஆரம்பிச்சாங்க. அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம் வந்தது. அதே வருஷம் பங்குச்சந்தையும் விழுந்தது. அதுவும் போச்சு.

மறுபடியும் அதே கேட்

1930-களில், ஐம்பது வயசைத் தாண்டின லூயி பிழைப்புக்காக வேலை தேடிப் போன இடம் எது தெரியுமா? டெட்ராய்ட்டில் இருந்த செவர்லே தொழிற்சாலை. முதலாளியா இல்லை, மெக்கானிக்கா. கேட்ல பெரிய எழுத்துல தன் பேர். உள்ளே போய் ஸ்பேனரைப் பிடிக்கணும். கொஞ்ச வருஷத்துல உடம்பு படுத்திடுச்சு. 1941 ஜூன் 6-ம் தேதி இறந்துபோனார்.

டூரன்ட் மட்டும் சுகமா இருந்தாரான்னு கேட்டா, அதுவும் இல்லை. 1920-ல் திரும்பவும் கம்பெனியை விட்டுத் துரத்தப்பட்டார். 1936-ல் திவால். கடைசிக் காலத்துல ஒரு பெளலிங் விளையாட்டுக் கூடம் நடத்திக்கிட்டிருந்தார். காரை நேசிச்சவரும் சம்பாதிக்கலை, கணக்கை நேசிச்சவரும் காப்பாத்தலை. நின்னது பேர் மட்டும்தான்.

உங்க பேர்ல, உங்க முகத்தை வெச்சு யாராவது ஒரு பிசினஸ் பேச வந்தா, லூயியை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. நாம வெளியே போனா நம்ம பேர் யாரோட போகும்ங்கிற வரியை, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க. அதுக்காக லூயியைத் தோத்தவர்னு ஒதுக்கிடாதீங்க. பேர் கைவிட்டுப் போன பிறகுதான், அவர் தன் கையால கட்டின கார்கள் ரெண்டு வருஷம் வரிசையா இண்டியானாபொலிஸை ஜெயிச்சது.

லூயியைப் புதைச்சது, அவர் பேரைச் சொல்லி லட்சக்கணக்கில் கார் தயாரிச்ச டெட்ராய்ட்டில் இல்லை. ரேஸ் நகரமான இண்டியானாபொலிஸில். தம்பி கேஸ்டனும் அதே கல்லறைத் தோட்டத்துலதான் இருக்கார்.