கானோஜி ஆங்கரே: கடலாண்ட தலைவர்

மேல்சித்தாமூர் மடத்துக்குச் செல்லும் நம்மவர் பலரும் வழியில் செஞ்சிக் குன்றுகளைக் கண்டிருப்பர். சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் 1689-இல் முகலாயரிடமிருந்து தப்பி, வேலூர் வழியே அக்கோட்டையை அடைந்தார். வேலூர்க் கோட்டையும் அந்நாளில் மராட்டியர் வசமே இருந்தது. 1698 வரை நீடித்த முற்றுகைக் காலத்தில் பெரும்பகுதியை அவர் செஞ்சியிலேயே கழித்தார். அரசர் இங்குத் தென்னாட்டில் அடைபட்டிருக்க, அவருடைய மேலைக் கடற்கரையை அங்கே காத்து நின்றோருள் முதன்மையானவர் கானோஜி ஆங்கரே.

1669-ஆம் ஆண்டளவில் பிறந்த இவர், சிவாஜியின் படையில் பணியாற்றிய துக்கோஜியின் மைந்தர். கொங்கணக் கரையின் சுவர்ணதுர்க்கம் என்னும் கடற்கோட்டையில் இளமையிலேயே போர்த்தொழில் பயின்றார். தாய்நாட்டுக் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில் சிதறிய கலங்களைத் திரட்டி, கைவிட்டுப்போன துறைகளை மீட்டார். ‘சர்கேல்’ என்னும் கடற்படைத் தலைமைப் பட்டம் அவரைத் தேடி வந்தது.

அவருடைய கலங்கள் ஐரோப்பியக் கப்பல்களினும் சிறியவை. ‘குராப்’ என்பது ஆழமற்ற நீரிலும் செல்லும் பாய்மரக் கலம். ‘கல்பத்’ என்பது நாற்பது, ஐம்பது பேர் துடுப்பு வலிக்கும் படகு. காற்று ஓய்ந்து பெருங்கப்பல்கள் அசைவற்று நிற்கும் வேளையில், கல்பத்துகள் குராப்புகளை இழுத்துச் சென்று, பீரங்கி குறைந்த பின்புறமாகத் தாக்கும். எதிரி வலுத்தால் கழிமுகங்களுக்குள் புகுந்து மறையும்.

கம்பெனியார் அவரைக் கடற்கொள்ளையர் என்றே எழுதி வைத்தனர். அவ்வசை பொருந்தாது என்பது நம் கருத்து. தம் கடற்பரப்பில் செல்லும் வணிகக் கலங்கள் கட்டணம் செலுத்தித் ‘தஸ்தக்’ என்னும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றார் அவர். போர்ச்சுகீசியர் இருநூறு ஆண்டுகளாக அதே முறையைத்தான் நடத்திவந்தனர். அவர்கள் செய்தால் ஆட்சி, இவர் செய்தால் கொள்ளையா? எனினும் வணிகர் பட்ட அல்லலையும் மறைத்தலாகாது. இந்திய வணிகரின் சரக்குக்கு ஆங்கிலேயர் தம் சீட்டை வழங்குவர்; அச்சீட்டு செல்லாது என்பார் ஆங்கரே. சூரத்தில் கம்பெனிக்குத் தரகராயிருந்த இந்திய வணிகர் ஒருவரின் கப்பலே இவ்வழக்கில் பிடிபட்டது. ஏலகிரியிலிருந்து கடல் தொலைவுதான். ஆயினும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருவாகும் சரக்கு இன்றும் கடல் கடந்தே அயல்நாடு செல்கிறது. இரு சுங்கங்களுக்கிடையே அகப்பட்ட அவ்வணிகரின் நிலை நம் வட்டாரத்தார்க்கு எளிதில் விளங்கும்.

ஆங்கரேயின் வாழ்வில் நாம் பெரிதெனக் கருதுவது கடற்போர் எதுவுமன்று. 1707-இல் ஔரங்கசீப் மறைந்தபின் சாகு முகலாயர் காவலிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருக்கும், இராஜாராமின் மனைவி தாராபாய்க்கும் இடையே அரசுரிமைப் போர் மூண்டது. ஆங்கரே தாராபாய் பக்கம் நின்றார். 1713-இல் சாகு தம் பேஷ்வாவான பகிரோஜி பிங்களேயைப் படையுடன் அனுப்ப, ஆங்கரே அவரைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தார். சதாராவை நோக்கிச் செல்ல வழி திறந்து கிடந்தது. மராட்டியரே மராட்டியரை மாய்க்கும் பெரும்போர் நிகழ இருந்தது.

அப்போது புதிய பேஷ்வாவாக அமர்த்தப்பட்டவர் பாலாஜி விசுவநாத். கொங்கணத்தின் ஸ்ரீவர்தனைச் சேர்ந்த அவர், ஆங்கரேயை முன்பே அறிந்தவர். படையைவிடப் பேச்சையே அவர் நம்பினார். 1714-இல் லோனாவாலாவில் உடன்பாடு ஏற்பட்டது. ஆங்கரே சாகுவைத் தம் அரசராக ஏற்றார். சிறைப்பட்ட பேஷ்வாவை விடுவித்தார். சர்கேல் பதவி உறுதியாயிற்று. பத்துப் பெருங்கோட்டைகளும் பதினாறு சிறு அரண்களும் அவர்க்கு உரியவாயின. வென்றவர் வெற்றியின் விளிம்பில் நின்று இணங்கி வந்தார் என்பதே இதில் எண்ணத்தக்கது. தோற்றவன் பணிவதில் வியப்பில்லை.

அவ்வுடன்பாட்டின் பயன் ஏழாண்டுகளில் தெரிந்தது. பம்பாய் ஆளுநர் சார்லஸ் பூன் 1717-இல் விஜயதுர்க்கத்தையும், அடுத்த ஆண்டில் காந்தேரித் தீவையும் தாக்கி வெறுங்கையோடு மீண்டார். 1721-இல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் ஏறத்தாழ ஆறாயிரம் வீரருடன் அலிபாக்கின் கொலாபாக் கோட்டையைச் சூழ்ந்தனர். தாமஸ் மேத்யூஸ் தலைமையில் இங்கிலாந்து அரசரின் நான்கு போர்க்கப்பல்களும் வந்தன. கோட்டைப் பீரங்கிகள் கடலை நோக்கி முழங்க, நிலவழியே சாகுவின் குதிரைப்படை உதவிக்கு விரைந்தது. தாக்குதல் முறிந்தது. போர்ச்சுகீசியர் தனியே சமாதானம் செய்துகொண்டு விலக, ஆங்கிலேயர் பம்பாய்க்குத் திரும்பினர்.

1729-இல் ஆங்கரே மறைந்தார். அவர் நினைவிடம் அலிபாக்கில் உள்ளது. காந்தேரித் தீவு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

அவர்க்குப்பின் மைந்தர் தமக்குள் பிணங்கினர். பேஷ்வாக்களோடும் பகை வளர்ந்தது. 1756-இல் மைந்தருள் ஒருவரான துளாஜியை ஒடுக்க, பேஷ்வாவே ஆங்கிலேயரைத் துணைக்கு அழைத்தார். விஜயதுர்க்கத் துறையில் நின்ற ஆங்கரே கலங்கள் எரிந்து சாம்பலாயின. அக்கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படைக்குக் கரையில் தலைமை தாங்கியவர், ஐந்தாண்டுகளுக்கு முன் நம் ஆற்காட்டைப் பிடித்த அதே இராபர்ட் கிளைவ்.