ஒரு டச்... உடனே பாஸ்! இந்திய கால்பந்தின் வேகத்தையே மாற்றிய ஸ்கூல் வாத்தியார்: யார் இந்த ரஹீம்?

1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். பிரெஞ்சுக்காரர்கள் 1954-லேயே நிர்வாகத்தைக் கொடுத்துட்டு கிளம்பிட்டாலும், வில்லியனூர், பாகூர், கரிக்கலாம்பாக்கம் என நம்ம பக்கத்து ஊர்கள் எல்லாம் சட்டக் கணக்குல இந்தியாவுக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

அதுக்கு 19 நாள் கழித்து, செப்டம்பர் 4-ம் தேதி, இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இந்திய கால்பந்து அணி தென் கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அதன் பிறகு இன்று வரை அந்தத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்த அணியின் கோச் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். அடிப்படையில் ஒரு ஸ்கூல் வாத்தியார். 2024-ல் வெளியான அஜய் தேவ்கனின் 'மைதான்' படத்தைப் பார்த்தவர்களுக்கு பெயர் தெரிந்திருக்கும். படத்தில் உணர்ச்சிக்கு குறை இல்லை. ஆனா அவர் ஆட்டத்துல அப்படி என்னத்த மாத்தினார்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பந்தை விடாத ஹீரோக்கள்

ரஹீம் பிறந்தது 1909-ல். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். ஹைதராபாத் பள்ளிகளில் பாடம் நடத்தினார், பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கினார். கால்பந்து ஆடவும் செய்தார். 1940-களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர், கடைசி வரை அதில் இருந்தார்.

அப்போது இந்தியாவில் கால்பந்து என்றால் டிரிப்ளிங். ஒருத்தர் காலில் பந்து வந்துட்டா ஈசியா விடமாட்டார். ரெண்டு பேரை ஏமாத்தி, மூணாவது ஆளையும் சுத்தவிட்டு, கூட்டம் கை தட்டின பிறகுதான் அடுத்தவருக்கு பாஸ். பார்க்க அழகா இருக்கும், மறுக்கவே முடியாது. கரிக்கலாம்பாக்கத்தில் சாயங்காலம் பசங்க ஆடும்போது நின்று பாருங்க, இன்னைக்கும் நாலு பேரை தாண்டிப் போற பையனுக்குத்தான் விசில் அடிப்பாங்க.

இதில் சிக்கல் என்னன்னா, ஒருத்தர் பந்தை காலில் வைத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் எதிரணிக்கு கிடைக்கும் நேரம். அவங்க டிஃபெண்டர்கள் திரும்பி ஓடி வந்து, ஆளுக்கு ஆள் பிடித்து, இடத்தை அடைத்துவிடுவார்கள். அதோட அன்றைய நம் வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடியவர்கள். உள்ளூர் போட்டிகளும் 90 நிமிடம் கிடையாது, 70 நிமிடம்தான். அந்த நிதானமான ஆட்டத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? ஹைதராபாத்தில் டிரிப்ளிங்கே செய்யக்கூடாது என்ற விதியோட உள்ளூர் போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் பாஸ் பண்ணியாகணும். இன்னொரு வகைப் போட்டியில், பழக்கமில்லாத காலால் மட்டும்தான் உதைக்கணும். வலது கால் பழக்கம் உள்ளவர் இடது காலில், இடது கால் பழக்கம் உள்ளவர் வலது காலில்.

விளையாட்டுத்தனமான ஐடியா மாதிரி தெரியும். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் கணக்கு புரியும். ஒரே காலை நம்பி ஆடும் வீரருக்கு பந்து தப்பான பக்கம் வந்தால், உடம்பைத் திருப்பி, பந்தை நல்ல காலுக்கு மாற்றி, பிறகுதான் உதைக்க முடியும். அதுக்கு ஒரு விநாடியாவது போயிடும். இரண்டு காலும் பழகியவருக்கு அந்த விநாடி மிச்சம். 11 பேருக்கும் அப்படி மிச்சமானால் அணியின் வேகமே வேற. யாரும் கூடுதலாக ஓடத் தேவையில்லை. பந்து ஓடினால் போதும், ஆளை விட பந்து வேகமாகப் போகும்.

இதை அவர் சோதித்துப் பார்த்த இடம் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்குத்தான். 1950-ல் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானையே தோற்கடித்தார்கள். கல்கத்தாதான் இந்திய கால்பந்தின் தலைநகரம் என்று எல்லாரும் நினைத்திருந்த காலம் அது.

10-1 என்ற அடி

1950-லேயே இந்திய அணியின் பொறுப்பும் ரஹீமிடம் வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று தங்கம். கோல் அடித்தவர் சாகு மேவாலால். எல்லாம் சரியாகப் போவதாகத் தோன்றியது.

அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக். எதிரே யூகோஸ்லாவியா. முடிவு 10-1. ஆமாம், 10 கோல் வாங்கினோம். பின்லாந்தின் குளிரில், நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு. எதிரணி பூட்ஸ் போட்டு, 90 நிமிடமும் ஒரே வேகத்தில் ஓடியது. அந்த யூகோஸ்லாவியாவையே இறுதிப்போட்டியில் ஹங்கேரி 2-0 என்று வீழ்த்தியது என்றால், உலகம் எங்கே போயிட்டு இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தத் தோல்விக்குப் பிறகு அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது. ரஹீம் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ஹங்கேரியர்கள் தங்கள் சென்டர் ஃபார்வர்டை கோல் போஸ்ட் பக்கத்தில் நிறுத்தாமல் கொஞ்சம் பின்னால் இழுத்து ஆட வைத்தார்கள். அவரைப் பிடிக்க டிஃபெண்டர் முன்னே வந்தால் பின்னால் காலியிடம், வராவிட்டால் அவருக்கு நிதானமாக பாஸ் போட நேரம். ரஹீம் அதை இந்திய அணிக்குள் கொண்டுவந்தார்.

பிரேசிலுக்கு முன்னாடியே 4-2-4 முறையைக் கண்டுபிடித்தவர் ரஹீம்தான் என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றும். இதை கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஹங்கேரியிலும் பிரேசிலிலும் அதே காலத்தில் அந்த முறை உருவாகிக்கொண்டுதான் இருந்தது. ரஹீமின் பெருமை, அதை தூரத்திலிருந்து பார்த்து உடனே நம் வீரர்களுக்குப் பழக்கியது. அந்தப் பெருமையே போதும்.

வேகமா, நிதானமா?

வேகமாக ஆடுவதா, நிதானமாக ஆடுவதா என்ற சண்டை எல்லா விளையாட்டிலும் உண்டு. கபடியில் பார்த்திருப்பீங்க, முன்னிலையில் இருக்கும் டீம் 30 விநாடி ரெய்டை முழுசா ஓட்டி நேரத்தைக் கரைக்கும். பின்தங்கிய டீம் அவசர அவசரமாகத் தொட்டுட்டு ஓடி வரும்.

அமெரிக்காவின் காலேஜ் ஃபுட்பாலில் (கையில் பந்தைப் பிடித்து ஓடுவாங்களே, அந்த ஆட்டம்) இது பெரிய தகராறாகவே ஆனது. வழக்கமாக ஒவ்வொரு ஆட்டத் துண்டுக்கும் முன்னால் வீரர்கள் வட்டமாகக் கூடி திட்டம் பேசிவிட்டு வருவார்கள். சில அணிகள் அந்தக் கூட்டத்தையே விட்டுட்டு, எதிரணி மூச்சு வாங்கவும் ஆள் மாற்றவும் நேரம் தராமல் அடுத்தடுத்து தாக்க ஆரம்பித்தன. 2014-ல் இதைக் கட்டுப்படுத்த, 40 விநாடியில் முதல் 10 விநாடிக்குள் பந்தை எடுக்கக்கூடாது என்று ஒரு விதியை முன்மொழிந்தார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. தாக்குதல் சீக்கிரம் தோற்றால், ஓய்வெடுக்க நேரம் கிடைக்காத தன் சொந்த தடுப்பு வீரர்களே திரும்ப மைதானத்துக்கு வரணும்.

ரஹீமுக்கும் இதே கணக்குதான். 70 நிமிடம் பழகிய உடம்போடு 90 நிமிடம் வேகமாக ஆட முடியாது. அதனால்தான் பந்தை ஓடவிட்டு ஆளை மிச்சப்படுத்தினார். உயரத்திலும் உடல் பலத்திலும் நம் வீரர்கள் ஐரோப்பியர்களுக்கு ஈடு கிடையாது. தலைக்கு மேல் வரும் பந்துக்கு மோதினால் தோல்வி உறுதி. தரையோடு, குட்டி குட்டி பாஸ், ஒரே டச். நம்மிடம் இருந்ததை வைத்து ஜெயிக்க அதுதான் வழி என்று அவர் முடிவு செய்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பலன் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று அடித்தோம். நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய வீரர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. அரையிறுதியில் திரும்பவும் யூகோஸ்லாவியா. இந்த முறை முதல் கோல் நம்முடையது! கடைசியில் 4-1 என்று தோற்றோம், வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 3-0. நான்காவது இடம். முதல் சுற்றில் ஹங்கேரி விலகியதால் நமக்கு நேரடி வாய்ப்பு கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லணும். ஆனால் நாலு வருஷத்துக்கு முன் 10 கோல் போட்ட அணியை ஆட்டத்தின் இரண்டாம் பாதி வரைக்கும் திணற வைத்தது சும்மா வந்துடலை.

சைக்கிள் வாடகை கொடுத்த கோச்

ரஹீமின் பிள்ளைகள் என்று சொல்லத்தக்கவர்களில் துளசிதாஸ் பலராம் முக்கியமானவர். செகந்திராபாத் பக்கத்து அம்முகுடாவில் ஒரு ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு வந்துபோக வழியில்லை என்று தெரிந்ததும், சைக்கிள் வாடகைக்கு ரஹீமே காசு கொடுத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தது அதே பலராம்தான்.

ரோமில் பிரான்சுடன் 1-1 என்று டிரா செய்தோம். பி.கே. பானர்ஜி கோல் அடித்து முன்னிலை தந்தார், ஆட்டம் முடியப்போற நேரத்தில் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. அந்தத் தேதியில் சட்டப்படி பார்த்தால் நம்ம புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு மண்!

ஜகார்த்தா

1962-க்குள் ரஹீமின் உடம்பை நுரையீரல் புற்றுநோய் அரிக்க ஆரம்பித்திருந்தது. விடாமல் சிகரெட் பிடிப்பவர். அந்த நிலையிலும் அணியோடு போனார்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், தடுப்புச் சுவரான ஜர்னைல் சிங்குக்கு தலையில் அடிபட்டு தையல் போட வேண்டியதாயிற்று. மைதானத்துக்கு வெளியே நிலைமை அதைவிட மோசம். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்ததால், உள்ளூர் மக்கள் கொதித்துப்போனார்கள். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது.

தையலோடு இருக்கும் டிஃபெண்டரை என்ன செய்வது? பின்னால் நிறுத்தினால் ஒவ்வொரு பந்துக்கும் தலையால் முட்டணும், ஆபத்து. ஜர்னைலை ரஹீம் சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஒரு கோல் ஜர்னைலுடையது, இரண்டு கேப்டன் சுனி கோஸ்வாமியுடையது.

இறுதிப்போட்டியில் மறுபடியும் தென் கொரியா. சுமார் ஒரு லட்சம் பேர் கூடிய மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். உயரமான பீட்டர் தங்கராஜ் கோல் போஸ்ட்டுக்குத் திரும்பினார். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்காக ஆடி வளர்ந்தவர் அவர். 17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல். 20-வது நிமிடம் ஜர்னைல் கோல். எதிரணி மூச்சு விடுவதற்குள் 2-0. கொரியாவால் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரே ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது.

தங்கம் வென்று ஒன்பது மாதத்தில், 1963 ஜூன் 11-ம் தேதி ரஹீம் இறந்தார். வயது 53.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது, 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதோடு பதக்கக் கணக்கு முடிந்துபோனது. ரஹீமின் மகன் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர், பின்னாளில் சர்வதேச நடுவரானார், 2021-ல் காலமானார். பலராம் 2023-ல் போய்ச் சேர்ந்தார். ரஹீம் மல்லுக்கட்டிய அந்த 70 நிமிட உள்ளூர் ஆட்டம் மட்டும், அவர் இறந்த பிறகும் 1970-கள் வரை அப்படியே நடந்துகொண்டிருந்தது.