கேரி கில்டால்

விண்டோஸ் கணிப்பொறியைத் திறந்து நோக்குவார், அதன் முதல் வட்டு 'சி' என்னும் எழுத்தாற் பெயர் பெற்றிருத்தலைக் காண்பர். 'ஏ'யும் 'பி'யும் எங்கே போயின என்று வினவுவார் நம்மிற் சிலரே. அவ்விரண்டும் முற்காலத்துப் பிளாப்பி வட்டுகளுக்கு உரியனவாயிருந்தன. வட்டுகள் மறைந்தும் எழுத்து முறை மறைந்திலது. அம்முறையைச் சிறு கணிப்பொறிகளில் நிலைநாட்டியவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர். பழைய கணிப்பொறித் திரைகளின்மேற் பலர் பேரேக்கங் கொண்டிருக்கும் இந்நாளில், இவர் சரிதை நம் கல்லூரி மாணவர் அறியத்தக்கதென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

இவர் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் சியாட்டில் நகரிற் பிறந்தார். இவர் குடும்பத்தார் மாலுமிகளுக்குக் கப்பலோட்டும் வழிநூல் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்தி வந்தனர். இவரும் இளமையில் அங்கே கற்பித்தார். 1972-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவில் மான்டெரே நகரிலுள்ள கடற்படைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்திலேயே இன்டெல் நிறுவனத்தாரின் நுண்செயலியைக் கண்டு வியந்து, அதற்கென்று பி.எல்./எம். என்னும் நிரல்மொழியை இயற்றிக் கொடுத்தார்.

1974-இல் அவர் ஆக்கிய சி.பி./எம். என்னும் இயக்கத்தொகுதியே அவர் புகழுக்கு அடிப்படை. (நம் நாட்டு அரசியற் கட்சியோடு இதற்கு யாதொரு தொடர்புமில்லை.) இன்டெல் நிறுவனத்தார் அதனை வேண்டாமென்று விடுத்தனர். ஆகவே கில்டாலும் அவர் மனைவியார் டாரதியும் பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் தாமே ஒரு நிறுவனந் தொடங்கினர். அவர் செய்த நுட்பமான செயல் யாதெனின், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வேறுபடும் பகுதியைத் தனியே பிரித்துப் 'பயாஸ்' என்று பெயரிட்டு வைத்ததாகும். அச்சிறு பகுதியை மட்டும் மாற்றிவிட்டால் ஒரே தொகுதி பற்பல நிறுவனத்தாரின் கணிப்பொறிகளிலும் ஓடியது.

அத்தொகுதி எழுந்தவுடன் இருண்ட திரையில் தோன்றுவன 'ஏ' என்னும் எழுத்தும், அதனருகே ஒரு கூர்முனைக் குறியுமே. அதன்பின் இயந்திரம் மனிதனுடைய கட்டளைக்காகக் காத்திருக்கும், அழையாமற் பேசாது. இக்காலத்து மென்பொருளோ நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அறிவிப்புகளை வீசுகின்றது. நேற்றிருந்த பொத்தானை இன்று வேறிடத்தில் வைக்கின்றது. 64 கிலோபைட்டு நினைவகத்துள் அடங்கிய அப்பழந்தொகுதியை ஒருவன் முயன்றால் முழுதும் கற்றுவிடலாம். முன்னாளைய திரைக்கு ஏங்குவார் உண்மையில் விழைவது இந்த முழுமையான அறிவையே என்று நாம் நினைக்கிறோம். ஆயினும் அத்திரை எளியார்க்கு எளிதாயிருந்ததில்லை. கட்டளைச் சொற்களை மனப்பாடஞ் செய்தாலன்றி ஒரு கோப்பினையும் நகலெடுத்தல் இயலாது. கோப்பின் பெயரோ எட்டெழுத்துக்கும் மூன்றெழுத்துப் பின்னொட்டுக்கும் மேற்போதல் ஆகாது.

1980-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் புதிய கணிப்பொறிக்குத் தொகுதி நாடி வந்தனர். அன்று காலை கில்டால் தம் விமானத்திற் பறந்து ஒரு வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்தார். ஏசா ஒரு வேளைக் கூழுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றதுபோல, இவர் வானிற் பறக்கும் இன்பத்துக்காகப் பெருஞ்செல்வத்தை இழந்தார் என்று உலகம் கதை கட்டிவிட்டது. இது நியாயமன்று. அவர் சென்றது தொழிலின் பொருட்டே. ஒப்பந்தங்களைக் கவனித்தலோ டாரதியின் பணி. இரகசிய ஒப்பந்தத்தின் கடுமை கண்டு அவ்வம்மையார் கையெழுத்திடத் தயங்கினார். முடிவில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் சி.பி./எம்.-ஐ ஒத்த வேறொரு தொகுதியை விலைக்கு வாங்கிக் கொடுத்தனர். கில்டாலின் தொகுதியும் பின்னர் அக்கணிப்பொறிக்கு விற்கப்பட்டது. ஆனால் அதன் விலை 240 டாலர், மற்றதன் விலை 40 டாலர். வாங்குவோர் எதனை வாங்கினர் என்று சொல்லவேண்டுவதில்லை.

கில்டால் தாம் ஆக்கிய இருண்ட திரையையே கட்டிக்கொண்டு அழவில்லை. அவருடைய நிறுவனம் 1985-இல் 'ஜெம்' என்னும் சித்திரத் திரையை வெளியிட்டது. சாளரங்களும், படக்குறிகளும், குப்பைக்கூடையும் அதில் இருந்தன. தம் மாக்கின்டாஷை அது ஒத்திருக்கின்றதென்று ஆப்பிள் நிறுவனத்தார் முறையிடவே, அடுத்த பதிப்பில் குப்பைக்கூடை நீங்கிற்று. சாளரங்கள் அசையாத இரண்டாகச் சுருங்கின. அட்டாரி கணிப்பொறியிலிருந்த 'ஜெம்' மட்டும் இவ்வெட்டுக்குத் தப்பியது. அதே ஆண்டில் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் குறுந்தகட்டில் ஏற்றும் பணியிலும் அவர் ஈடுபட்டிருந்தார். இன்று அவருடைய பழந்திரைக்கு ஏங்குவோரைவிட அவர் முன்னோக்கியே வாழ்ந்தார்.

1991-இல் அவர் நிறுவனம் நாவெல் நிறுவனத்தார் கைக்கு மாறியது. 1994-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், மான்டெரேயில் தலையிற்பட்ட காயத்தால், தம் 52-ஆம் வயதில் மரித்தார். 'ஜெம்' தொகுதியின் மூலநிரல் 1999-இல் யாவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. 2014-இல், பசிபிக் குரோவில் அவருடைய நிறுவனம் இயங்கிய பழைய வீட்டின் முன்னே, மின்பொறியாளர் சங்கத்தார் அவர் நினைவாக ஒரு பட்டயம் பதித்தனர்.