மூன்றாவது சத்தத்தைக் கேட்ட வயலின்காரர்

வயலின் படிக்கிற எங்கட பிள்ளையளுக்கு ஜுசெப்பே தார்த்தினி என்ற பெயர் தெரிந்திருக்கும். கனவிலே பேய் வந்து வாசித்துக் காட்டியது என்று அவர் சொன்ன அந்தச் சொனாட்டாவால்தான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அம்பிளிபயர், றேடியோ செய்கிற எஞ்சினியர்மாருக்கும் அவர் ஒரு வகையில் மூதாதை. அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

அவர் பிறந்தது 1692 ஏப்ரல் 8 ஆம் திகதி, அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள பிரானோ என்ற சின்னத் துறைமுக ஊரில். அப்போது அது வெனிஸ் குடியரசின் கீழ் இருந்தது. தகப்பன் உப்பளத்தில் மேலதிகாரி. மகனைத் துறவியாக்கிப் பார்க்கவேணும் என்பது வீட்டாரின் ஆசை. மகனோ பாதுவா நகருக்குச் சட்டம் படிக்கப் போய், படிப்பை விட வாள் வீச்சிலும் வயலினிலும்தான் நேரத்தைச் செலவழித்தார் என்கிறார்கள். 1710 இல், 18 வயதில், எலிசபெத்தா என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். தகுதி குறைந்த இடம் என்று சொந்தக்காரர் கொதித்தார்கள். அந்தப் பெண் பாதுவா ஆயராக இருந்த கர்தினாலின் ஆதரவில் இருந்தவள் என்பதால் கர்தினாலுக்கும் கோபம். பிடிபட்டால் சிறை என்ற நிலை. தார்த்தினி யாத்திரிகர் வேஷம் போட்டுக்கொண்டு ஓடினார். மனைவி பாதுவாவிலேயே நின்றுவிட்டாள்.

ஓடி வந்தவருக்கு அசிசியில் உள்ள பிரான்சிஸ்கன் மடம் இடம் கொடுத்தது. பேரை மறைத்து, வெளியே தலை காட்டாமல் இருந்த காலம் அது. புலம்பெயர்ந்து வந்து விசா முடிவு வரும் வரை அறைக்குள் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று விளக்கத் தேவையில்லை. அவர் அந்த நேரத்தை வயலினோடு கழித்தார். தேவாலயத்தில் திரைக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தபோது காற்று திரையை விலக்க, பாதுவாக்காரர் ஒருவர் ஆளை அடையாளம் கண்டுவிட்டார், அப்படித்தான் மன்னிப்பும் கிடைத்தது என்று ஒரு கதை உண்டு. கதை கொஞ்சம் கூடுதலாகவே அழகாய் இருக்கிறது. மன்னிப்புக் கிடைத்ததும் மனைவியோடு சேர்ந்ததும் உண்மை.

1714 இல் அன்கோனா நகரில் இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு தந்திகளை ஒரே வில்லால் பலமாக, சுத்தமான சுருதியில் வாசித்தபோது, அவற்றுக்கு மிகக் கீழே மூன்றாவதாக ஒரு நாதம் முணுமுணுத்தது. எந்தத் தந்தியிலும் அது இல்லை. யாரும் வாசிக்கவும் இல்லை. உதாரணத்துக்கு ஒரு தந்தி செக்கனுக்கு 400 தரமும் மற்றது 500 தரமும் அதிர்ந்தால், கேட்கிற மூன்றாவது சத்தம் 100. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்!

பிரமை என்று அவர் விட்டுவிடவில்லை. 1721 இல் பாதுவாவின் புனித அந்தோனியார் பேராலயத்தில் முதல் வயலின் வித்துவானாகி, இடையிலே சில வருடம் பிராக் நகரில் இருந்துவிட்டுத் திரும்பி, பல நாட்டுப் பிள்ளைகள் வந்து படித்த வயலின் பள்ளி ஒன்றை நடத்தினார். அங்கே மாணவர்களுக்கு அந்தச் சத்தத்தையே சுருதி பார்க்கும் கருவியாகக் கொடுத்தார். இரண்டு சுரம் சேர்த்து வாசிக்கையில் மூன்றாவது கேட்கவில்லையா, சுருதி பிழை.

1754 இல் இதை வைத்து ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அங்கேதான் சறுக்கினார் என்பது என் எண்ணம். வட்டமும் சதுரமும் கீறி, இசை முழுவதற்கும் இயற்கை வைத்த அத்திவாரம் இந்தச் சத்தம்தான் என்று நிறுவப் பார்த்தார். கணிதம் தெரிந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சத்தத்தின் ஸ்தாயியைக்கூட முதலில் பிழையாகச் சொல்லி 1767 இல் திருத்தினார். ஜேர்மன் ஓர்கன் வித்துவான் சோர்கே என்பவர் இதே சத்தத்தைப் பற்றி அவருக்கு முந்தியே அச்சில் எழுதிவிட்டார். ஆனாலும் பேர் தார்த்தினிக்கே நிலைத்தது.

இது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 1856 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி நல்ல விடை ஒன்றைச் சொன்னார். செவிப்பறை, கொடுத்த அசைவை அளவு மாறாமல் அப்படியே திருப்பித் தருவதில்லை. பலமாகத் தள்ளினால் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் வளையும். அப்படி வளைகிற எதற்குள்ளும் இரண்டு அலைகள் ஒன்றாகப் போனால், ஒன்றை ஒன்று பெருக்கிக்கொள்ளும். அந்தப் பெருக்கத்தில் இரண்டின் கூட்டலும் கழித்தலும் புதிதாய்ப் பிறக்கும்.

ரான்சிஸ்டருக்கும் இதே குணம்தான். எங்கட மண்டபங்களில் விழா நேரம் அம்பிளிபயரை முழுக்கத் திருகிவிட, பாட்டும் மிருதங்கமும் சேர்ந்து கரகரவென்று குழம்புமே, அதில் ஒரு பங்கு தார்த்தினியின் சத்தங்கள். எஞ்சினியர்மார் இதை இன்டர்மொடுலேஷன் என்பார்கள். வீட்டில் கொம்பியூட்டர் உள்ள பிள்ளைகள் மின்சுற்றைத் திரையிலேயே ஓடவிட்டுப் பார்க்கிற புரோகிராம் ஒன்றில் இதைச் செய்து பார்க்கலாம். 1000, 1100 என்று இரண்டு அலைகளைக் கொடுங்கோ. வெளியே வருவதைப் பிரித்துப் பார்த்தால் 100 உம் 2100 உம் நிற்கும். அவை தூரத்தில் நிற்பதால் வடிகட்டலாம். 900, 1200 என்று இன்னும் இரண்டு நிற்கும், அவைதான் தொல்லை. ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழிக்க வருபவை அவை. உண்மையான அலைகளுக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பதால் வடிகட்ட வழியில்லை. கொடுக்கிற அலைகளை இரண்டு மடங்காக்கினால் இவை எட்டு மடங்காகும். றேடியோவில் இல்லாத நிலையம் கேட்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

தொல்லை என்று மட்டும் சொல்லமுடியாது. 1978 இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் காது தானும் சத்தம் எழுப்புகிறது என்று காட்டினார். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தையின் காதுக்குள் சின்னக் குழாய் வைத்து இரண்டு சுரங்களைக் கொடுக்கிறார்கள். 1640 உம் 2000 உம் கொடுத்தால், சுகமான உட்காது 1280 ஐத் திருப்பி அனுப்பும். மைக்கில் அது பிடிபட்டால் பிள்ளையின் உட்காது வேலை செய்கிறது. பேசத் தெரியாத பிள்ளையிடம் கேட்காமலே அறிந்துகொள்ளலாம். 2022 இல் இத்தாலிய ஆய்வாளர்கள், வயலினின் உடலே இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் எழுப்புகிறது, பழைய வயலினில் கூடுதலாக, என்று அளந்து காட்டினார்கள். ஆக, தார்த்தினி கேட்டதெல்லாம் காதுக்குள்ளே மட்டும் இருந்ததல்ல.

அவர் 1770 பெப்ரவரி 26 ஆம் திகதி பாதுவாவில் காலமானார். மனைவி அவருக்கு முந்தியே போய்விட்டாள். பிறந்த ஊர் வெனிசிடமிருந்து ஒஸ்திரியாவுக்கும், இத்தாலிக்கும், யூகோஸ்லாவியாவுக்கும் கைமாறி, 1991 இல் ஸ்லொவேனியா ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த இத்தாலியர்களில் பெரும்பாலானோர் வீடு வாசலை விட்டுப் போய்விட்டார்கள். 1896 இல் வைத்த சிலை மட்டும் சதுக்கத்தில் வில்லோடு நிற்கிறது. பக்கத்தில் உள்ள அவர் வீட்டில் அவரது வயலின் ஒன்று இருக்கிறது. மிஞ்சியிருக்கிற இத்தாலியர்களின் சங்கமும் அதே வீட்டில்தான் நடக்கிறது.