ஈஸ்டின் மறைபொருள் கண்டவர்

ரொட்டி மாவு பொங்குவதும், திராட்சைச் சாறு மதுவாக மாறுவதும் மனிதன் தொன்றுதொட்டுக் கண்டுவந்த நிகழ்ச்சிகளே. இம்மாற்றங்களை விளைவிப்பது ஈஸ்டு என்னும் நுண்ணுயிர். அது சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றது. உயிருள்ள ஈஸ்டு இன்றி நொதித்தல் நிகழாது என்றார் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். அது வெறும் வேதியியல் மாற்றமே என்றார் ஜெர்மானிய அறிஞர் லீபிக். இருவரும் மறைந்த பின்னரும் வழக்குத் தீரவில்லை. அதனைத் தீர்த்துவைத்த பெருமை எடுவர்டு பூக்னருக்கே உரியது.

பூக்னர் 1860ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரில் பிறந்தார். மருத்துவராகிய தந்தையார், பூக்னரின் இளமையிலேயே காலமானார். தமையனார் ஹான்ஸ் தம்பியைப் படிக்கவைக்கும் பொறுப்பை ஏற்றார். ஆயினும் பொருள் முட்டுப்பாட்டினால் படிப்பு இடையில் தடைப்பட்டது. உணவுப் பொருள்களைக் கெடாமல் பதப்படுத்தும் தொழிற்சாலையில் பூக்னர் நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1884இல் மீண்டும் கல்வியைத் தொடர்ந்து, புகழ்பெற்ற பேயரிடம் வேதியியல் பயின்று, 1888இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஈஸ்டின் உயிரணுக்களை உடைத்து உள்ளிருக்கும் சாற்றை ஆராய வேண்டும் என 1893இல் அவர் முயன்றார். இதனால் பயன் ஒன்றும் விளையாது என ஆய்வுக்கூடக் குழுவினர் கருதினர். மூன்றாண்டுகள் அம்முயற்சி கிடப்பில் கிடந்தது.

1896ஆம் ஆண்டு விடுமுறையில், தமையனாரின் ஆய்வுக்கூடத்தில் அப்பணி மீண்டும் தொடங்கியது. நுண்ணுயிர்ச் சாற்றை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாமா என ஹான்ஸ் ஆராய்ந்து வந்தார். ஈஸ்டுடன் மணலையும் ஒருவகை மென்மண்ணையும் கலந்து அரைத்து, துணியில் கட்டி, பெரும் அழுத்தத்தில் பிழிந்து சாறு எடுத்தனர். அச்சாறு விரைவில் கெட்டது. கெடாமல் காக்கும் பொருட்டு அதில் சர்க்கரையை மிகுதியாகக் கலந்தனர். சிறிது நேரத்தில் சாற்றிலிருந்து குமிழிகள் எழுந்தன!

சாறு கெட்டுவிட்டதென்று எண்ணி அதனைக் கொட்டியிருக்கலாம். பூக்னரோ அக்குமிழிகளின் காரணத்தை ஆராய்ந்தார். நுண்ணுயிர் புக இயலாத வடிகட்டியில் சாற்றை வடித்தார். உயிரணுக்களின் செயலை ஒடுக்கும் குளோரோபாரத்தைக் கலந்தார். அப்போதும் நொதித்தல் நிற்கவில்லை. உயிருள்ள ஈஸ்டு இல்லாமலே, அதனுள் இருந்த ஒரு பொருள் அச்செயலைச் செய்தது. 1897இல் இதனை வெளியிட்டு, அப்பொருளுக்குச் சைமேஸ் எனப் பெயரிட்டார். அறிஞர் சிலர் மறுத்தனர். பூக்னர் சினமுறாது, ஒவ்வோர் ஐயத்திற்கும் சோதனையாலேயே விடையிறுத்தார். 1902இல் ஹான்ஸ் மறைந்தார். 1907இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பூக்னரை வந்தடைந்தது.

முதல் உலகப்போரில் படைப்பணி ஏற்ற பூக்னர், ருமேனியப் போர்முனையில் காயமுற்று, 1917 ஆகஸ்டு 13ஆம் நாள் உயிர்நீத்தார்.

சைமேஸ் ஒரே பொருளன்று. பத்துக்கு மேற்பட்ட நொதிகளின் தொகுதி என்பது பின்னர்ப் புலனாயிற்று. அந்நொதிகள் யாவும் புரதங்களே. ஈஸ்டின் உயிரணுவுக்குள் ரைபோசோம் என்னும் நுண்பொறி, அமினோ அமிலங்களை மணிகளைப்போல் கோத்துப் புரத இழையை உருவாக்குகின்றது. வடிவம் பிழைத்த புரதம் தன் தொழிலைச் செவ்வனே ஆற்றாது. ஆதலால், வெளிவரும் இழை தாறுமாறாகச் சிக்கிக்கொள்ளாமல் உரியவாறு மடிவதற்குச் சில துணைப் புரதங்கள் ரைபோசோமின் வாயிலிலேயே நின்று உதவுகின்றன. இவ்வுண்மைகளை இன்று நாம் அறிவதற்கு, அன்று பூக்னர் உடைத்த உயிரணுவே வழிதிறந்தது. பயனற்றதெனப் பிறர் ஒதுக்கிய முயற்சியைக் கைவிடாது பற்றிய உறுதியும், சிறு குமிழியையும் அலட்சியம் செய்யாத கூர்நோக்குமே அவரை உயர்த்தின.