எஸ். ஏ. ஐயர்

தலைவரின் புகழைப் பரப்பியவர் பலருளர். அவர்தம் மரணச் செய்தியையும் தம் கையாலேயே எழுத நேர்ந்தவர் ஐயர் ஒருவரே எனலாம். ராய்ட்டர் நிருபராய்ப் பாங்காக் சென்ற இத்தமிழர், 1941 டிசம்பரில் கீழ்த்திசையில் யுத்தம் மூண்டபின், இந்திய சுதந்திரச் சங்கத்தின் வானொலிப் பிரசாரத்தில் ஈடுபட்டார். 1943 அக்டோபரில் நேதாஜி சிங்கப்பூரில் நிறுவிய ஆஸாத் ஹிந்த் சர்க்காரில் பிரசார மந்திரியானார்.

1945 ஆகஸ்டு 17-ஆம் தேதி, ஸைகோன் விமானத்தில் இடமின்மையால் ஐயர் பின்தங்க நேரிட்டது. அந்தோ! சில தினங்களுக்குள் டோக்கியோவில், விமான விபத்தில் நேதாஜி மாண்டாரென்னும் அறிக்கையை வரையும் பொறுப்பு அவரையே சார்ந்தது. தலைவரின் உடலை அவர் கண்டாரல்லர், செவியுற்றதையே எழுதினார்.

அவ்வாண்டிறுதியில் செங்கோட்டை வழக்கில் சாட்சியம் பகர்ந்தார். பிற்பாடு பம்பாய் சர்க்காரின் விளம்பர இலாகாத் தலைவராயிருந்தார். 1956-இல் விசாரணைக் குழுவினர் வினவியபோதும், விபத்து மெய்யென்றே உரைத்தார். நாட்டினர் பலர் அதனை ஏற்கவில்லை.